மண் நகர்ந்ததா, உணரி நகர்ந்ததா: புதைகுழாய்த் திரிபு உணரிகளோடு ஐந்து ஆண்டுகள்

மெதுவாக நகரும் ஒரு மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்கும் புதைகுழாயின் மூன்று இடங்களில் திரிபு உணரிகளைப் பொருத்தி, ஐந்து ஆண்டுகளாக அவற்றின் அளவீடுகளைப் பார்த்துவருகிறேன். குழாயின் வெளிவிட்டம் 323.9 மில்லிமீட்டர், சுவரின் தடிப்பு 9.5 மில்லிமீட்டர். பொருத்தும் வேலையைவிட, பொருத்தியவற்றை நம்பலாமா என்று ஆண்டுதோறும் முடிவெடுக்கும் வேலைதான் எனக்குக் கடினமாக இருந்தது. செத்துப்போன உணரியால் பெரிய தொல்லை இல்லை. அது எண்ணைக் காட்டாது, மாற்றிவிடலாம். வேலை செய்துகொண்டே மெல்லத் தவறிப்போகும் உணரிதான் ஆபத்தானது. சரிவு மண் மாதத்துக்குச் சில மைக்ரோதிரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் ஒரு மைக்ரோதிரிபு) என்ற வேகத்தில் குழாயை இழுக்கிறது, ஈரம் புகுந்த உணரியும் அதே வேகத்தில்தான் கெடுகிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும்.

ஒவ்வோர் இடத்திலும் குழாயின் நீளவாக்கில் நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ்கள் வைத்தோம். குழாயின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் அவை 12, 3, 6, 9 மணி நிலைகளில் இருந்தன. சரிவின் மேற்பக்கத்தைப் பார்ப்பது 3 மணி, கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பது 9 மணி. இவை 350 ஓம் மெல்தகட்டு வகை; குழாய் நீண்டால் இவற்றின் மின்தடை கூடும், அமுங்கினால் குறையும். மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின்மேல் ஆலையிலேயே ஒட்டி மூடப்பட்டு வந்தவை என்பதால், அந்தத் தகட்டைக் குழாயில் ஸ்பாட் வெல்டிங் செய்தால் போதும். களத்தில் பசை தடவி ஒட்டுவதை நான் விரும்பவில்லை. சயனோஅக்ரிலேட் பசை ஆய்வகத்தில் சில வாரச் சோதனைக்கு அருமையானது, ஆனால் ஈர மண்ணுக்குள் பல ஆண்டுகள் தாங்கும் பொருள் அது இல்லை. எப்பாக்ஸி தாங்கும், ஆனால் சூடேற்றிப் பதப்படுத்தப் பள்ளத்துக்குள் வசதி இருக்காது.

நடு இடத்தில் மட்டும் கூடுதலாக மூன்று அதிர்கம்பி உணரிகளையும் பொருத்தினோம். இழுத்துக் கட்டிய ஓர் எஃகுக் கம்பியை மின்காந்தச் சுருள் மீட்டுகிறது. குழாய் நீண்டால் கம்பி இறுகி, அதன் அதிர்வெண் கூடுகிறது. எங்கள் உணரிகளில் கம்பியின் நீளம் 50 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு, ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கத்தை 1000ஆல் வகுத்து 0.39ஆல் பெருக்கினால் மைக்ரோதிரிபு கிடைக்கும். 2000 ஹெர்ட்ஸுக்கு அருகில் 1 மைக்ரோதிரிபு என்பது ஏறக்குறைய 0.64 ஹெர்ட்ஸ் மாற்றம். அளப்பது அதிர்வெண் என்பதால், கேபிளின் மின்தடை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அளவீடு கெடுவதில்லை. இந்தக் குணத்தின் அருமை எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது.

வெல்டிங்கைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் அதே வகை எஃகுத் துண்டு ஒன்றில் உதிரித் தகட்டை வெல்டு செய்து, குறட்டால் உரித்துப் பார்த்த பிறகே குழாயைத் தொட்டோம். உரிக்கும்போது தகட்டில் சிறு துளைகள் விழுந்து, வெல்டுப் புள்ளிகள் எஃகோடு தங்கிவிட்டால் ஆற்றல் சரியாக இருக்கிறது என்று பொருள். தகடு முழுதாகக் கையோடு வந்துவிட்டால் புள்ளி பிடிக்கவில்லை. இப்படிச் செய்ததால் ஐந்து ஆண்டுகளில் வெல்டு விட்டுப்போன உணரி ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு வந்த தொல்லைகள் எல்லாம் உணரியைச் சுற்றி இருந்தவற்றிலிருந்து வந்தன.

நான்கு உணரிகள் வைத்ததன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. நீளும், வளையும் குழாயின் குறுக்குவெட்டு தளமாகவே இருக்கும் என்ற எளிய விதிப்படி, அச்சுத் திரிபையும் இரு திசை வளைவுகளையும் அறிய மூன்று உணரிகள் போதும். பலர் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றில் ஒன்று பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எந்த மூன்று எண்களைக் கொடுத்தாலும் அவற்றுக்குப் பொருந்தும் ஒரு வளைவைக் கணக்கு தந்துவிடும். 90 பாகை இடைவெளியில் நான்கு இருந்தால், 12 மணியும் 6 மணியும் சேர்ந்த கூட்டுத்தொகை, 3 மணியும் 9 மணியும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். இரண்டு தொகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் ‘மிச்சம்’ என்று அழைக்கிறோம். குழாய் எப்படி வளைந்தாலும், வெப்பம் எவ்வளவு மாறினாலும், நான்கும் ஒழுங்காக இருக்கும்வரை மிச்சம் சுழியை ஒட்டியே நிற்கும். பற்றவைப்புத் தையலுக்கு மிக அருகிலோ நசுங்கிய இடத்திலோ இந்த விதி பொருந்தாது என்பதால், உணரிகளை அவற்றிலிருந்து விலக்கி வைத்திருந்தோம். முதல் ஆண்டு முழுவதும் மூன்று இடங்களிலும் மிச்சம் 8 மைக்ரோதிரிபைத் தாண்டவில்லை.

முதல் ஆண்டில் எங்களை அலைக்கழித்தது வேறொன்று. கோடையில் நடு இடத்தின் மெல்தகட்டு உணரிகள் நான்கும் ஏறக்குறைய 140 மைக்ரோதிரிபு அமுக்கத்தைக் காட்டின; அருகிலேயே இருந்த அதிர்கம்பி உணரிகள் சுழியை ஒட்டிய எண்ணையே தந்தன. அதிர்கம்பிகள் கெட்டுவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். உண்மையில் இரண்டுமே சரி. குழாயின் வெப்பநிலை நிறுவிய நாளைவிட 12 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. மண்ணுக்குள் கட்டுண்ட குழாயால் நீள முடியாது, எனவே நீளமாற்றம் இல்லை. ஆனால் நீள விடாமல் தடுத்ததால் எஃகுக்குள் அமுக்கம் எழுகிறது. எஃகின் வெப்ப விரிவுக் கெழுவைப் பாகைக்கு 11.7 மைக்ரோதிரிபு என்று கொண்டால், 12 பாகைக்கு 140. எஃகுக்கென்று வெப்ப ஈடுசெய்யப்பட்ட மெல்தகட்டு உணரி இந்தத் தகைவு (எஃகுக்குள் பரப்பலகுக்கு எழும் விசை) சார்ந்த திரிபைத்தான் காட்டியது. அதிர்கம்பியின் கச்சா அளவீட்டிலும் அது இருந்தது, ஏனெனில் குழாய் நீளாதபோது சூடேறிய கம்பி தளர்கிறது. எங்கள் மென்பொருளோ, ‘வெப்பத் திருத்தம்’ என்ற பெயரில் பாகைக்கு 12.2 மைக்ரோதிரிபைக் கூட்டி, உண்மையான தகைவை அழகாகத் துடைத்துக் காட்டியிருந்தது. திருத்தம் பிழையானதன்று, அது மொத்த நீளமாற்றத்துக்கான திருத்தம். தகைவு வேண்டுமென்றால் அதைப் போடக்கூடாது. அன்றிலிருந்து கச்சா அதிர்வெண், வெப்பநிலை, திருத்திய எண் மூன்றையும் தனித்தனியாகச் சேமிக்கிறோம்.

14ஆம் மாதம், மழைக்காலம் தொடங்கிய பின், நடு இடத்தின் 3 மணி உணரி அமுக்கத்தை நோக்கி இறங்கத் தொடங்கி 35 மைக்ரோதிரிபு வரை போயிற்று. மழை நின்றதும் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அடுத்த மழைக்காலத்தில், 26ஆம் மாதம், 120 வரை இறங்கியது. இந்தப் பொய்யில் இருந்த தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். சரிவு கீழ்நோக்கித் தள்ளினால் குழாய் கீழ்ப்பக்கம் புடைத்து வளையும். மேற்பக்கமான 3 மணியில் அமுக்கம் எழும். அதுவும் மழைக்குப் பிறகு எழும். நாங்கள் பார்த்த இறக்கம் இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. 3 மணி, 9 மணி இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வளைவு ஆரம் இரண்டரை கிலோமீட்டர் என்று வந்தது; 120 மைக்ரோதிரிபு என்பது எஃகில் ஏறக்குறைய 25 மெகாபாஸ்கல். அவசரக் கூட்டம் கூட்ட இது போதும், கூட்டவும் செய்தார்கள்.

அன்றைய நான்கு எண்கள் இவை (+ நீட்சி, − அமுக்கம்): 12 மணியில் +14, 6 மணியில் −22, 9 மணியில் +6, 3 மணியில் −120. மேல் கீழ்க் கூட்டுத்தொகை −8. பக்கவாட்டுக் கூட்டுத்தொகை −114. மிச்சம் 106. வளைந்திருந்தால் குழாய் தன் குறுக்குவெட்டுத் தளத்தையே முறித்துக்கொண்டு வளைந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று பொய் என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எது பொய் என்று மிச்சம் சொல்லாது. அதிர்கம்பிகள் மூன்றும் அந்த அளவு வளைவைக் காட்டவில்லை என்பதால் சந்தேகம் 3 மணியின்மேல் விழுந்தது.

உறுதிசெய்ய மூன்று சோதனைகள் செய்தோம். முதலாவது காப்பு மின்தடை. அளவீடுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரிலிருந்து கேபிளைக் கழற்றி, உணரிக் கம்பிகள் அனைத்தையும் ஒன்றாக முறுக்கி, அவற்றுக்கும் குழாய்க்கும் இடையே அளந்தோம். இதற்கு, மின்காப்பைச் சோதிக்கும் வழக்கமான 500 வோல்ட் மெக்கரைப் பயன்படுத்தக்கூடாது. தகட்டுக்கும் மெல்லிய காப்புக்கும் அது ஆபத்து. குறைந்த வோல்ட் கருவியில் மற்ற மூன்று உணரிகளும் அளவுகோலின் எல்லையைத் தாண்டின. 3 மணி உணரி 1.6 மெகா ஓம் என்றது. கணக்கு எளிது. உணரிக்கு இணையாக ஒரு கசிவுப் பாதை இருந்தால் அதன் மின்தடை குறைந்ததுபோல் தோன்றும், அது அமுக்கமாகத் தெரியும். 350ஐ, கேஜ் காரணி (திரிபுக்கு எத்தனை மடங்கு மின்தடை மாறும் என்ற எண்) 2ஆல் பெருக்கிய கசிவுத் தடையால் வகுத்தால் போலித் திரிபு கிடைக்கும். 1.6 மெகா ஓமுக்கு அது 109 மைக்ரோதிரிபு; மிச்சம் 106. இவ்வளவு நெருங்கி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இதே கசிவு 120 ஓம் உணரியில் 37 மைக்ரோதிரிபைத்தான் தந்திருக்கும். அதிக ஓம் நல்லது என்ற பொதுவான அறிவுரையை ஈர மண்ணில் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, மின்னூட்டத்தின், அதாவது அளப்பதற்காக உணரிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின், திசையைத் திருப்பிப் பார்ப்பது. நல்ல உணரியில் திசை மாறினாலும் திரிபு மாறாது. இதில் ஒரு திசையில் ஓர் எண்ணும் மறுதிசையில் வேறோர் எண்ணும் வந்தன. கசிவுப் பாதைக்குள் எங்கோ ஒரு மின்கலம்போல உலோகமும் ஈரமும் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது, துருப்பிடிப்பைத் தடுக்கும் கேத்தோடு பாதுகாப்பு மின்னோட்டத்தை அதன் பொறுப்பாளர்களின் ஒப்புதலோடு சில விநாடி நிறுத்துவது. செம்பு, செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு −850 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே குழாயை வைத்திருப்பது வழக்கம். உணரியின் மின்தடை மாற்றத்தை மின்னழுத்தமாக்கும் எங்கள் பிரிட்ஜ் சுற்றில் 2.5 வோல்ட் மின்னூட்டத்துக்கு 1 மைக்ரோதிரிபு தரும் சமிக்ஞை 1.25 மைக்ரோவோல்ட். அதாவது குழாயின்மேல் இருக்கும் மின்னழுத்தம், நாங்கள் அளக்க முயலும் சமிக்ஞையைவிட ஆறரை லட்சம் மடங்குக்கும் மேல். காப்பு முழுதாக இருக்கும்வரை இரண்டும் அண்டை வீட்டார்போல அமைதியாக இருக்கும். மின்னோட்டத்தை நிறுத்தியதும் 3 மணி உணரி மட்டும் 30 மைக்ரோதிரிபு துள்ளியது, மற்றவை அசையவில்லை.

29ஆம் மாதம், மழை ஓய்ந்தபின், குழாயின் அழுத்தத்தைக் குறைத்து, கையாலேயே மண்ணை அகற்றினோம். பள்ளம் தோண்டுவதே குழாயின் திரிபை மாற்றிவிடும் என்பதால், மண்வெட்டி இறங்குவதற்கு முந்தைய நாள் அளவீடுகளைப் பத்திரப்படுத்தினோம். குழாயின் மேற்பூச்சும் உணரியின் மூடியும் புதிதுபோல் இருந்தன. உணரியிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்த கேபிள் ஜாயின்டை வெட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஜாயின்டை மூடியிருந்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவின் (சூட்டில் சுருங்கி இறுகும் உறையின்) ஒரு முனை, கேபிளின் வழவழப்பான வெளியுறைமேல் ஒட்டாமல் மோதிரம்போலச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. உறையை யாரும் உரசிச் சொரசொரப்பாக்கவில்லை. உள்ளே செம்புக் கம்பியின் பளபளப்பு போய்ப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. அதைத் தாண்டி நல்ல கேபிள் என்று நினைத்த இடத்தில் வெட்டியதும், வெட்டுமுகத்தின் பின்னல் உறையிலிருந்து ஒரு துளி நீர் மெல்லத் திரண்டு நின்றது. “சார், இது இன்னும் உள்ளே போயிருக்கு,” என்றார் உடன் இருந்த டெக்னீஷியன். ஒவ்வொரு அரை மீட்டராக வெட்டிக்கொண்டே போனோம். இரண்டு மீட்டருக்கு அப்பால்தான் காய்ந்த செம்பு கிடைத்தது. இழைகளுக்கு இடையிலான நுண்வெளி, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நீரை உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது.

அந்த ஜாயின்டைப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் யார்மேலும் கோபப்பட முடியவில்லை. அன்று பொழுது சாய்ந்துவிட்டது, பள்ளத்தை மூடும் அவசரம், ஸ்லீவ் சுருங்கிவிட்டதே என்ற திருப்தி.

இரண்டாம் முறை, நீர் ஊடுருவாதபடி நிரப்பு வைத்த கேபிளுக்கு மாறினோம். உறையை உரசி, துடைத்து, கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, இணைப்புகள் ஒன்றுக்கொன்று எதிரே வராமல் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு கம்பியின் இழைகளுக்குள்ளும் ஈயப்பற்றை நன்றாக ஊற விட்டு, திரிபோல நீர் ஏறும் வழியை அடைத்தோம். பிறகு எல்லாவற்றையும் அச்சுக்குள் வைத்து ரெசின் ஊற்றினோம். அழுத்திப் பிணைக்கும் இணைப்பியைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: ஓர் உணரிக்கு மூன்று கம்பிகள் போகும் எங்கள் இணைப்பில், மின்னோட்டம் செல்லும் இரு கம்பிகளின் தடை ஒன்றாக இருந்தால் பிழை நீங்கிவிடும், ஆனால் அவற்றுக்குள் 0.01 ஓம் வேறுபாடு வந்தாலே 350 ஓம் உணரியில் 14 மைக்ரோதிரிபு பிழை நுழையும். பிணைப்பு துருவேறத் தொடங்கினால் 0.01 ஓம் ஒன்றுமே இல்லை.

கேபிளை மாற்றியதும் பழைய சுழி தொலைந்துபோயிற்று. திரிபு உணரி நிறுவிய நாளிலிருந்து வந்த மாற்றத்தை மட்டுமே அறியும்; அதற்கு முன் குழாய்க்குள் இருந்ததும் தெரியாது, இடையில் இழந்ததும் தெரியாது. இங்கே மிச்சம் இரண்டாம் முறை கைகொடுத்தது. மண்ணை மூடி, இரண்டு வாரம் அடங்க விட்டு, மற்ற மூன்று உணரிகளின் எண்களிலிருந்து 3 மணியில் என்ன இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டு, அதையே புதிய சுழியாகப் பொருத்தினோம். மூன்று உணரிகள் மட்டும் இருந்திருந்தால் இரண்டரை ஆண்டுத் தொடர்ச்சி அந்த ஜாயின்டோடு போயிருக்கும்.

மிச்சத்துக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. மேல் கீழ் இணையில் ஒன்றும் பக்கவாட்டு இணையில் ஒன்றும் ஒரே அளவு கசிந்தால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நான்கும் ஒன்றாக மெல்ல நகர்ந்தால் அது அச்சுத் திரிபுபோலவே தோன்றும். இதற்காகத்தான் பள்ளம் திறந்திருந்தபோது, எந்தச் சுமையும் ஏறாதபடி மணல் நிரப்பிய பெட்டிக்குள் ஓர் எஃகுத் தகட்டை வைத்து, அதே வகை உணரி, அதே கேபிள், அதே ரெசின் ஜாயின்டோடு குழாயின் பக்கத்தில் புதைத்தோம். அது காட்டும் எந்த மாற்றமும் உணரியின் சொந்த மாற்றம். முதல் நாளே இதைச் செய்யாமல் விட்டது எங்கள் பெரிய பிழை, செலவும் அதிகமில்லை. இரண்டு ஆண்டுக்கும் மேலாக அது 6 மைக்ரோதிரிபுக்குள் நிற்கிறது.

அதிர்கம்பிகளில் ஒன்று மூன்றாம் ஆண்டு இடிமழையில் ஊமையாகிவிட்டது. சுருளின் தடை அளவுகோலுக்கு வெளியே போயிருந்தது. சுருள் அறுந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. டேட்டா லாகர் பெட்டிக்குள் மின்னல் தடுப்பான்கள் இருந்தன, ஆனால் தரையிணைப்புக் கம்பி தேவைக்கு மீறி நீளமாகச் சுற்றிக் கிடந்தது. அதைக் குட்டையாக்கினோம். அந்த உணரியை மாற்றவில்லை.

ஒளியிழை உணரியையும் கீழ் இடத்தில் முயன்றுபார்த்தோம். பிராக் கீற்றணி இழை ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும்; 1550 நானோமீட்டரில் வேலை செய்யும் இழையில் அந்த அலைநீளம் 1 மைக்ரோதிரிபுக்கு ஏறக்குறைய 1.2 பிகோமீட்டர் நகரும். எதிலும் ஒட்டாத இழையில் 1 பாகை வெப்பத்துக்கு 10 பிகோமீட்டர் நகரும். மின்கசிவு, மின்னல், கேத்தோடு மின்னோட்டம் எதுவும் அதைத் தீண்டாது. ஆனால் அருகில் வைத்த வெப்பமானி அரைப் பாகை தவறினாலே 4 மைக்ரோதிரிபு தவறுகிறது, ஒட்டுப்பசையின் மெல்லிய நழுவல் இங்கும் பின்தொடர்கிறது. எங்களுக்கு வந்த ஒரே தொல்லை, பெட்டிக்குள் இருந்த கனெக்டர் முகப்பில் படிந்த தூசு.

இப்போது எங்கள் எச்சரிக்கை முறை இப்படி இருக்கிறது. மிச்சம் 25 மைக்ரோதிரிபைத் தாண்டிய இடத்தின் வளைவுக் கணக்கு யாருக்கும் எச்சரிக்கையாகப் போகாது. பராமரிப்புப் பணியாக மட்டும் பதிவாகும், அது தீரும்வரை அந்த இடத்தை அளவைக் கருவியால் நேரடியாகக் கண்காணிப்போம். காப்பு மின்தடையை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரே கருவியால், ஒரே வோல்ட்டில் அளக்கிறோம். மழையோடு இறங்கி வெயிலோடு ஏறும் அளவீட்டை முதலில் ஈரமாகவே கருதுகிறோம். நகர்ந்த மண் வெயிலுக்காகத் திரும்பி வருவதில்லை.

சென்ற மாத அளவீட்டில் கீழ் இடத்தின் மிச்சம் 11. அங்குள்ள 9 மணி உணரியின் காப்பு மின்தடை 16 மெகா ஓமுக்கு இறங்கியிருக்கிறது; அதற்கான போலித் திரிபும் 11தான். அதுவும் நாங்கள் ஸ்லீவ் போட்ட பழைய ஜாயின்ட்களில் ஒன்று. அடுத்த மழைக்கு முன் தோண்டுவதற்கு அழுத்தக் குறைப்பு அனுமதி கேட்டிருக்கிறேன். ரெசினும் நிரப்பு வைத்த கேபிளும் பெட்டியில் தயாராக இருக்கின்றன.